ஒன்றரை மாத ஊசி நாளில் அம்மாவையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து அவளுக்குப் பேச்சு குறைந்தது, பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்கவில்லை, பால் கொடுத்து முடித்ததும் என் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சுற்றிப் போட்டேன், மந்திரித்துக் கயிறு கட்டினேன். ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது பிள்ளையின் எடையை எழுதினார்கள், பால் குடிக்கிறதா என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாரம் ஒரு ராத்திரி, "நான் இல்லாவிட்டாலும் இவளை நீ வளர்த்துவிடுவாய்தானே அம்மா" என்றாள். இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, யாரிடம் கூட்டிப்போவது? பிரசவம் பார்த்த இடத்தில் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். கவுன்சலிங் என்று பலகை போட்டிருந்த ஒருவர் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, தாய்மை ஒரு வரம், நல்லதையே நினைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்து, "நான் கெட்ட அம்மாதான் போல" என்று அழுதாள். அப்படிப் பலகை போட்டிருப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற உளவியலாளர்தானா (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்று விசாரிக்க வேண்டும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதிவிட்டார், பால் கொடுக்கிறாளா என்று கேட்கவே இல்லை. பயந்துபோய் அதை நாங்கள் கொடுக்கவில்லை.

கடைசியில் மருமகனின் நண்பர் சொல்லி 14416-க்குப் பேசினோம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை, ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம். அவர்கள்தான் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த மருத்துவர், பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினார். உளவியலாளர் வாரம் ஒருமுறை அவளோடு பேசினார், ஒரு தடவை மருமகனையும் என்னையும் கூட உட்கார வைத்துப் பேசினார். பெண் பிறந்ததற்குச் சம்பந்தி வீட்டில் முகம் சுளித்ததை அவள் எவ்வளவு நாள் மனசில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2002-லேயே வெளியாகியிருக்கிறது. பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இந்த மனச்சோர்வு வந்ததாகவும், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறப்பது, மாமியாரோடோ பெற்றோரோடோ மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது எல்லாம் அது வரும் ஆபத்தைக் கூட்டுவதாகவும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், பிரசவித்தவளுக்கு இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறிய 1987-ல் உருவான எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி. தமிழிலும் இருக்கிறது. கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

குழந்தைக்கு ஊசி போடத் தாய் எப்படியும் வருகிறாள். அந்தப் பத்துக் கேள்வியை அங்கேயே, மாமியாரையும் என்னைப் போன்ற அம்மாவையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, கிராம சுகாதார செவிலியர் அவளிடம் தனியாகக் கேட்கட்டும். அவர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம், தெரியும், அதனால் இதற்கென்று ஆளும் நேரமும் அரசு ஒதுக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் உளவியலாளர் எந்தக் கிழமை, எந்த அறையில் இருப்பார் என்பதை 14416-க்குப் பக்கத்திலேயே ஊசி போடும் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அந்த அறையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆனது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திண்டுக்கல் மாவட்டம்