யோபு வாயை மூடிட்டா இருந்தாரு?

மாப்ள, ஸ்தோத்திரம்டா. உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில காணோம்னு திட்டியிருப்ப, திட்டிக்கோ. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இந்த மாசத்தோட ரெண்டு வருஷம். வலது கை இன்னும் எழும்பல, பேச்சு மட்டும் லேசா வருது, அதுலயும் முதல்ல கூப்பிட்டது என்னை இல்ல, நாயை. அன்னைக்கு வீட்டுல எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

நீ எழுதியிருந்தியே, ஜெபம் பண்ணிப் பண்ணி சலிச்சுப்போச்சு, ஆண்டவர்மேல கோபம் கோபமா வருது, எனக்குப் பொறுமையே இல்ல போலன்னு. பைபிள்ல யாக்கோபு 5:11ல, பிள்ளைங்க, சொத்து, சுகம் எல்லாம் இழந்த யோபோட பொறுமைய பெருசா சொல்லியிருக்கு, ஆனா யோபு புஸ்தகத்த எடுத்துப் பாரு, மூணாவது அதிகாரத்துலயே மனுஷன் தான் பிறந்த நாளையே சபிக்கிறாரு, அதுக்கப்புறம் அதிகாரம் அதிகாரமா ஆண்டவரோட வழக்காடுறாரு, கடைசியில ஆண்டவர் கோபப்பட்டதோ ஆறுதல் சொல்ல வந்த அந்த மூணு பேர்மேல. அவங்க உருப்படியா செஞ்சது முதல் ஏழு நாள் பேசாம கூட உட்கார்ந்திருந்தது ஒண்ணுதான் (அதனால நானும் அளவோட நிறுத்திக்கிறேன்). அந்த யாக்கோபு வசனத்துல பொறுமைக்கு இருக்கிற கிரேக்க வார்த்தை ஹுப்போமொனே, பாரத்துக்கு அடியிலயே நிக்கிறதுன்னு அர்த்தம். நின்னுட்டுக் கத்தக் கூடாதுன்னு அதுல இல்லடா.

எனக்கு இப்போ ரொம்ப நெருக்கமான ஆளு யோசேப்புதான். 17 வயசுல கூடப்பிறந்த அண்ணன்மாரே அடிமையா வித்துட்டாங்க, 30 வயசுலதான் எகிப்து ராஜா பார்வோன் முன்னாடி நிக்கிறாரு. நடுவுல ஜெயில்ல கூட இருந்த பானபாத்திரக்காரன்கிட்ட (ராஜாவுக்குத் திராட்சரசம் ஊத்திக் கொடுக்கிறவன்) என்னை மறந்துடாதன்னு கெஞ்சிக் கேட்டும் அவன் வெளிய போய் சுத்தமா மறந்துட்டான். அடுத்த அதிகாரம் எடுத்ததுமே ரெண்டு வருஷம் போயிடுது, அந்த ரெண்டு வருஷத்தப் பத்தி ஒரு வரி கூட கிடையாது. நான் இப்போ இருக்கிறது அந்த எழுதாத இடத்துலதான்.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, போன மாசம் ஒரு ராத்திரி இனிமே ஜெபமே பண்ண மாட்டேன்னு சொல்லிட்டுப் படுத்தேன், பத்து நாள் பைபிளைத் தொடல. பதினோராம் நாள் காலையில அப்பாவ புரட்டிப் படுக்க வைக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு, என்னையும் அறியாம 'ஆண்டவரே'ன்னு வாயில வந்துடுச்சு, அது வலியா ஜெபமான்னு எனக்கே தெரியல. பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிக்கிறதுக்கு முன்னாடியே இயேசு அவர்கிட்ட, உன் விசுவாசம் ஒழிஞ்சுபோகாம இருக்க நான் வேண்டிக்கிட்டேன்னு சொல்றாருல்ல, அது அப்பதான் உறைச்சுது. நான்தான் விடாம பிடிச்சிருக்கேன்னு நினைச்சுட்டிருந்தேன்டா, நான் கைய விட்டப்புறமும் கீழ விழல பாரு.

பவுல் தன் உடம்புல முள்ளு மாதிரி குத்திட்டிருந்த வேதனை போகணும்னு மூணு தடவ ஆண்டவர்கிட்ட கேட்டும் அது போகல, என் கிருபை உனக்குப் போதும்னு பதில் வந்துச்சு. போதுமான்னு கேட்டா எனக்குச் சில நாள் போதுது, சில நாள் போதல.

சரி, அப்பாவுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிற தம்பி வந்துட்டான். அடுத்த லெட்டர்ல ஆண்டவர்கிட்ட உனக்கு என்ன கோபம்னு முழுசா எழுது, பாதியில மென்னு முழுங்காத.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்