கரு கலைந்த விடுப்புக்கு ஸ்கேன் ரிப்போர்ட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூன்றாவது பிரசவம் என்பதற்காக மகப்பேறு விடுப்பை மறுக்கக் கூடாது என்று, தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது. மகப்பேறு நலச் சட்டத்தில் யாரும் பேசாத விதி ஒன்றும் உண்டு. கரு தானாகக் கலைந்தாலும், சட்டப்படி கலைக்கப்பட்டாலும், அந்த நாளை அடுத்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. முன்பு 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் 9-ஆம் பிரிவாக இருந்தது இது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 65-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. கரு கலைந்ததால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். இதை ஈட்டிய விடுப்பில் கழிப்பது தவறு.

அலுவலகங்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இன்னொன்று. 26-ஆம் வாரம் வரை நேர்வதுதான் சட்டப்படி கருச்சிதைவு. அதற்குப் பிறகு குழந்தை இறந்தே பிறந்தாலும் அது பிரசவம்தான். முழு மகப்பேறு விடுப்பு தர வேண்டும். ஆறு வாரத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

பலர் இந்த விடுப்பைக் கேட்காமலே விடுவதற்குக் காரணம் வேறு: விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரையோ விவரத்தையோ வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம். அந்தக் கட்டுப்பாடு மருத்துவரோடு நின்றுவிடுகிறது. சான்று அலுவலகத்துக்குள் வந்ததும் மேலாளர், மனிதவளப் பிரிவு, சம்பளப் பிரிவு என மின்னஞ்சலில் சுற்றுகிறது. போதாக்குறைக்கு, வருகைப் பதிவு மென்பொருளில் விடுப்பின் பெயரே ‘கருச்சிதைவு’ என்று குழு முழுக்கத் தெரிகிறது! 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை சார்ந்த தேவைக்கு ஒப்புதல் இன்றியே தரவைப் பயன்படுத்த இடம் கொடுத்திருக்கிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கேட்பது தேவையற்றது. ‘இன்ன தேதியில் கரு கலைந்தது அல்லது கலைக்கப்பட்டது, 65-ஆம் பிரிவின் கீழ் விடுப்புக்குத் தகுதி உண்டு’ என்று எந்த வகை என்பதைப் பிரிக்காமல் மருத்துவர் எழுதினால் போதும். இரண்டுக்கும் ஆறு வாரம்தானே. ஒட்டிய உறையில் ஒரே ஓர் அதிகாரிக்குப் போகட்டும். மேலாளருக்குத் தேவை விடுப்பின் முதல் நாளும் கடைசி நாளும் மட்டுமே. ‘கல்யாணம் ஆயிற்றா’ என்ற கேள்விக்கும் இங்கே வேலையில்லை. சட்டம் ‘பெண்’ என்றுதான் சொல்கிறது. திருமணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பில் சம உரிமை என்று 2022 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இஎஸ்ஐ-யில் இருப்பவர்களுக்குப் பணம் அங்கிருந்து வரும். கோரிக்கையையும் அங்கேயே கொடுக்க வேண்டும். மற்றவர்கள் நிர்வாகம் மறுத்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் தரலாம். தமிழக அரசு இந்தச் சான்றுக்கு நான்கே வரியில் ஒரு படிவத்தை மாநில விதிகளில் சேர்த்து, அதற்கு மேல் எந்த ஆவணமும் கேட்கக் கூடாது என்றும் எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், மதுரை