ஆண்டறிக்கை 2025–26: ஆள் குறைந்த மேசையும் நம் புளியங்கொட்டைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கேரம் பலகைக்குப் புதிய வலை போட்டாயிற்று. கூரை ஒழுகுவது நின்றபாடில்லை. இவை போக, இந்த ஆண்டு மன்றத்தில் அதிகம் பேசப்பட்டது போக்கர் மேசைதான் (ஆளுக்கு இரண்டு சீட்டும், மேசையில் விழும் பொதுச் சீட்டும் சேர்த்து ஆடும் ஆட்டம்). ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடினோம். பாம்பனில் புயல் கூண்டு ஏறிய நாட்களிலும் அப்படியே. மற்ற நாட்களில் படகுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தால் நம் சீட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. நாலு பேர், சில இரவு மூன்றே பேர். தடைக்காலத்தில் ஜெயித்த மூத்தவர்கள் அப்போது, காசுக்குப் பதிலாக நாம் பந்தயம் வைக்கும் புளியங்கொட்டைகளை வரிசையாக இழந்தார்கள். சீட்டைச் சரியாகக் கலைப்பதில்லை என்று என்னிடம் புகார் வந்தது. மூன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கலைப்பில் குற்றமில்லை. ஒன்பது பேர் மேசையின் பொறுமையை நாலு பேர் மேசைக்கும் தூக்கி வந்ததுதான் குற்றம்.

டீலருக்கு அடுத்தவர் வைக்கும் சின்ன பிளைண்ட் ஒரு கொட்டை, அவருக்கும் அடுத்தவர் வைக்கும் பெரிய பிளைண்ட் இரண்டு. (மூன்று சீட்டில் பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. இங்கே அது சீட்டு வருமுன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம். சிலருக்கு இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.) ஆக, சுற்றுக்கு ஆளுக்கு மூன்று கொட்டை. ஒன்பது பேர் 36 ஆட்டம் ஆடினால் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 12 கொட்டை போகும். நாலு பேர் ஆடினால் 27. இரண்டு ஏஸ் சேர்ந்து வருவதோ சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. அதற்காகக் காத்திருப்பவரின் டப்பா முதலில் காலியாகும்.

ஒரு புதன்கிழமை இரவு. டீலர் இடத்தைக் காட்ட நாம் வைக்கும் சங்கு சம்மாட்டி அண்ணன் முன்னால் இருந்தது. முதல் ஆள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார். அண்ணன் கட்டைவிரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்: கிளாவர் ஏஸ், டைமன் ஏழு. உதட்டைப் பிதுக்கினார், கவிழ்த்தார். “ஏழோடு வந்த ஏஸ் எதற்கு ஆகும்?” என்றார். ரம்மியில் ஸ்கூட் விட்டு, அதாவது ஆடாமலே விலகிப் பழகிய கை.

ஒன்பது பேரில் முதல் ஆளாக இருந்தால் அவர் செய்தது சரி. பின்னால் எட்டுப் பேர். அவர்களில் ஒருவரிடமாவது ஜோடி இருக்க ஏறக்குறைய 38 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அன்று பின்னால் இருந்தது இரண்டே பேர். வாய்ப்பு 11 அல்லது 12 விழுக்காடு. நடுவில் மூன்று கொட்டை கிடக்கிறது. பந்தயத்தை ஐந்தாக ஏற்றி, எட்டுக்கு ஐந்து முறை இருவரும் கவிழ்த்தாலே கையில் குப்பை இருந்தாலும் நட்டமில்லை. யாராவது ஈடு கொடுத்தாலும், பிறகு எல்லாரும் ஆடியபின் கடைசியாக ஆடுகிறவர் சங்குக்காரர்தான். அந்த இடத்திலிருந்து கைக்கு வரும் சீட்டு ஜோடிகளில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஏற்றலாம். நாலு பேரில் முதல் ஆளுக்குக் கால்வாசி போதும்.

ஏற்றாமல் வெறுமனே இரண்டு கொட்டை போட்டு எட்டிப்பார்ப்பது நம்மிடம் தொற்றுநோய்போல் இருக்கிறது. எனக்கும் அந்த நோய் உண்டு. 2019-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் முதல்தர ஆட்டக்காரர்களை வென்றது. தன்னோடு தானே ஆடிக் கற்ற அந்த நிரலும், சின்ன பிளைண்டில் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் எட்டிப்பார்ப்பது ஆகாது என்ற முடிவுக்கே வந்தது.

பெரிய பிளைண்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். எதிரி ஐந்தாக ஏற்றி, சின்ன பிளைண்ட் கவிழ்த்தால், நடுவில் எட்டு. நீங்கள் போட வேண்டியது மூன்று. பதினொன்றில் மூன்று பங்கு, அதாவது 27 விழுக்காடு ஜெயித்தால் போதும். ஒரே இனத்து ஒன்பதும் எட்டும், ஏஸ்–ராஜாவுக்கு எதிரேகூட 40 விழுக்காட்டை ஒட்டி ஜெயிக்கும். முதலில் ஆட வேண்டியிருப்பதால் அதில் கொஞ்சம் தேயும். தேய்ந்தாலும் கவிழ்க்கத் தேவையில்லை.

இதைச் சொன்ன மறுவாரமே இளைய உறுப்பினர் ஒருவர் எந்த இடத்திலிருந்தும் எதையும் ஏற்ற ஆரம்பித்தார். மிக மோசமான கையான ஏழு–இரண்டைக்கூட விடவில்லை. கீழக்கரைக் காக்கா (அண்ணன்) இரண்டு சுற்று பேசாமல் பார்த்தார். மூன்றாவதில் ஐந்தைப் பதினாறாக மறுபடி ஏற்றினார். தம்பி ரோஷத்தில் டப்பாவையே கவிழ்த்துக் கொட்டினார். வீட்டுக்கு வெறுங்கையோடு போனார்.

இரண்டே பேர் மிஞ்சிய இரவில் எழுந்த சண்டைக்கும் தீர்ப்பு: சங்கு யாரிடமோ அவரே சின்ன பிளைண்ட் வைப்பார். பொதுச் சீட்டு விழும் முன் அவர் முதலில் ஆடுவார், விழுந்தபின் கடைசியில் ஆடுவார். இனி இதைப் பற்றி இரவு பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. நமக்கும் சிக்கலா என்று கேட்டார்கள். இங்கே இணையமும் இல்லை, பணமும் இல்லை. கொட்டைக்குக் காசு மதிப்புப் பேசிய இருவரைக் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. மறுமுறை பேசினால் பெயர் நீக்கப்படும்.

கொட்டைகளில் பாதியை வண்டு அரித்துவிட்டது. புளி உடைக்கும் வீட்டார் ஆளுக்கு ஒரு படி தந்தால் உதவியாக இருக்கும். வறுத்தது வேண்டாம், போன முறை வந்ததை மேசையிலேயே தின்றுவிட்டார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்