"ஆர் விழுந்தது, தம்பி?"

வன்னியிலுள்ள விளையாட்டுக் கழகங்களின் தலைவர்கள், செயலாளர்கள், சுற்றுப்போட்டிக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

பத்து வருடத்துக்கு மேலாக வன்னி மைதானங்களில் மைக் பிடித்து வருகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் என்று உதைபந்தாட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் மாட்டுவண்டிச் சவாரிக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். அண்மையில் ஓர் இறுதியாட்டத்துக்குப் பார்வையாளனாகப் போனேன். அங்கே கண்டதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இரண்டாம் பாதியில் இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை மோதி விழுந்தார்கள். ஒருவன் எழும்பவில்லை. மைக்கில் இருந்தவர், "தம்பி நித்திரை கொள்ளுறார் போல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, அனுசரணை தந்த கடைகளின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். எனக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் இருந்தார். 2009 இல் ஷெல் பட்டு இரண்டு கண்ணும் போனவர். ஆனாலும் ஒரு போட்டியையும் தவறவிடமாட்டார். ஒலிபெருக்கி கட்டிய மரத்துக்குக் கீழேதான் எப்போதும் இருப்பார். அன்றைக்கு அவருடைய பெறாமகனும் விளையாடினான். "ஆர் விழுந்தது, தம்பி? எழும்பிட்டானோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பாட்டுச் சத்தத்தில் நான் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

விழுந்த பிள்ளை நெற்றியில் நாலு தையலோடு தப்பிவிட்டான். அண்ணையின் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

மைக் பிடிக்கும் ஆசை எனக்கு றெஸ்லிங், அதாவது அமெரிக்க மல்யுத்தக் காட்சி, பார்த்துத்தான் வந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு, கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் சில சீடிகளைக் கொண்டுவந்தார். ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு வீட்டு முற்றத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பார்த்தோம். ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு மனிதரின் கரகரத்த குரல் ஏறினால் நாங்களும் எழும்பி நிற்போம், இறங்கினால் இருந்துவிடுவோம். அவர்தான் மல்யுத்த வர்ணனையாளர் ஜிம் றோஸ்.

1952 இல் பிறந்த அவர், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வளர்ந்தவர். 1970களில் அந்தப் பக்கத்துச் சிறிய மல்யுத்தக் குழு ஒன்றில் நடுவராக நின்று தொழில் பழகினார். அந்தக் குழுவை நடத்திய லெரோய் மக்கேர்க் முன்னாள் மல்யுத்த வீரர், பார்வையை இழந்தவர். கண் தெரியாத முதலாளியிடம் வேலை பழகிய ஒருவர் பிற்காலத்தில் உலகமறிந்த வர்ணனையாளர் ஆனார் என்பதை வாசித்த நாளிலிருந்து, மைக்கை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணையின் முகம்தான் வரும்.

1993 இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெரிய மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்த றோஸை, முதல் நிகழ்ச்சியிலேயே பழைய ரோமர்களின் உடுப்பைப் போட்டு இருத்தினார்கள். அடுத்த வருடம் முகவாதம் வந்து முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வேலையும் போனது. திரும்பி வந்து, அதே முகத்தோடு கமராவுக்கு முன்னால் இருந்தார். 1998 இல் கூண்டின் கூரையிலிருந்து, ஏறக்குறைய 16 அடி உயரத்திலிருந்து, அண்டர்டேக்கர் என்ற வீரர் மன்கைன்ட் என்ற வீரரைத் தூக்கி எறிந்தபோது அவர் கத்திய கத்தல் இன்றைக்கும் காதில் நிற்கிறது. அந்த விளையாட்டில் யார் வெல்வதென்பது முன்கூட்டியே தீர்மானித்த விஷயம்தான். ஆனால் விழுகிற உடம்புக்கு நோவு பொய்யில்லை. அதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது 1999 மே 23 இரவைப் பற்றி. கன்சாஸ் நகரில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவேண்டிய மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட், கிட்டத்தட்ட 78 அடி உயரத்திலிருந்து விழுந்தார். வயது 34. அந்த நேரம் தொலைக்காட்சியில் வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்ததால், வீட்டிலிருந்தவர்கள் அவர் விழுந்ததைக் காணவில்லை. இது காட்சியின் பகுதி இல்லை, உண்மையான விபத்து என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொன்னவர் றோஸ். பிறகு ஹார்ட் இறந்த செய்தியைச் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தியது பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குரல் அன்று பொய் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

2012 இல் மொன்றியலில் இன்னொன்று நடந்தது. மல்யுத்த நிகழ்ச்சியொன்றின் வர்ணனை மேசையிலேயே வர்ணனையாளர் ஜெரி லோலருக்கு மாரடைப்பு வந்தது. பக்கத்தில் இருந்த சக வர்ணனையாளர் மைக்கல் கோல் முன்பு வானொலிச் செய்தியாளராக இருந்தவர். நடந்ததை நிதானமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அன்றிரவு மல்யுத்த வர்ணனையே இல்லை. இடையிடையே லோலரின் நிலைமையை மட்டும் அறிவித்தார். லோலர் பிழைத்துக்கொண்டார். வாயை மூடவேண்டிய நேரம் தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், மைக்கில் இருந்த அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீரர்களின் பெயர்ப் பட்டியல்கூட அவர் கையில் இருக்கவில்லை. "நீலச் சட்டை ஏழாம் இலக்கம்" என்றுதான் கடைசிவரை சொன்னார். பந்தல்காரருக்கும் சவுண்ட்காரருக்கும் காசு எடுத்து வைக்கிறோம், வெயிலில் நாள் முழுக்கக் கத்துகிறவருக்கு ஒரு சோடாவோடு சரி.

அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன்னால் பட்டியலை முதல் நாளே கொடுங்கள். ஒருவரைத் தனியாக விடாமல் இரண்டு பேரை இருத்துங்கள். ஒருவர் நடப்பதைச் சொல்லட்டும், மற்றவர் அணிகளின் கதையைச் சொல்லட்டும். நன்றாகக் கதைக்கிற பெண் பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். விளம்பரத்தை இடைவேளைக்கு வையுங்கள். ஒரு பிள்ளை விழுந்தால் பாட்டை நிறுத்தும் அதிகாரம் மைக்கில் இருப்பவருக்கு வேண்டும். யார் விழுந்தது, முதலுதவிக்காரர் போய்விட்டாரா, பிள்ளை எழும்பினானா என்று சொன்னால் போதும். பகிடியெல்லாம் அப்புறம் விடலாம்.

பழக்கிவிட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஒரு சதமும் வேண்டாம், போக்குவரத்தையும் நானே பார்த்துக்கொள்வேன். ஒலிபெருக்கி கட்டும் மரத்தடியில் அண்ணைக்கு ஒரு கதிரை மட்டும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைதானங்களில் மைக் பிடிப்பவன்