மக்களைத் திட்டியா தடுப்பூசி போட்டோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்த்து, சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், ‘கிராம மக்களின் அறியாமையே தடுப்பூசித் தயக்கத்துக்குக் காரணம், கண்டிப்பு காட்டிய பிறகே வழிக்கு வந்தார்கள்’ என்று ஒரு வரி. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதைப் படித்த பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்த பெண்கள் கேட்டது இதுதான்: “ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டா கூலி யாரு குடுப்பா நர்சம்மா?” இதில் அறியாமை எங்கே இருக்கிறது? ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, “இதத் தின்றவ போட்டுக்கலாமா?” என்று கேட்டார். அட்டையை வாங்கிப் பார்த்து, “போட்டுக்கலாம்மா, ராத்திரி கை வலிக்கும், காய்ச்சல் வந்தாலும் வரும், வந்தா இந்த மாத்திரையப் போடுங்க” என்றேன். போட்டுக்கொண்டார். மறுநாள் மருமகளையும் பக்கத்து வீட்டுக்காரியையும் அனுப்பிவைத்தார். அதே தெருவில், ஊசி போடாதவர்களுக்கு ரேஷன் கிடையாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சாத்திய கதவுகளைத் திறக்கவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17 அன்று காலமானார். அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் விசாரணையில் முடிவானது. ஆனால் அந்த வாரம் பயந்தவர்களை ‘வதந்தி பரப்புவோர்’ என்று எழுதினீர்கள். கண் முன்னால் ஒரு மனிதர் போய்விட்டார். ஜனங்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மெகா முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நினைத்துப் பலர் ஞாயிறன்று வரவில்லை. அரசு அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை, முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அமைச்சரே காரணத்தையும் சொன்னார். இது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. ஆனால் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை!

எழுத ஆரம்பித்தபின் பழையதெல்லாம் வருகிறது. 2020 ஏப்ரலில் ஊரடங்கை மீறிய இளைஞர்களைப் போலீஸார் ஆம்புலன்ஸுக்குள் ஏற்றி, உள்ளே ‘கொரோனா நோயாளி’ என்று ஒருவரைப் படுக்கவைத்துப் பயமுறுத்திய திருப்பூர் வீடியோவை வேடிக்கைச் செய்தியாகப் போட்டீர்கள். நோயாளியைப் பூச்சாண்டியாகக் காட்டியதில் என்ன வேடிக்கை? அதே மாதம்தான் சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமனின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். அதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதிய உங்கள் இதழ்தான், எங்கள் ஊரில் தொற்று வந்தவரின் வயதையும் தெருப் பெயரையும் அச்சிட்டது. அந்தக் குடும்பத்துக்கு ஊரே பால் ஊற்ற மறுத்தது. போனை எடுத்தால் நோயோடு போராடுங்கள், நோயாளியோடு அல்ல என்ற குரல். வாசலில் தகரம் அடித்து ஸ்டிக்கர். உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் அப்படி ஒட்டக் கூடாது என்று சொல்ல டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. காய்ச்சலை மறைத்தவர்கள் ஏன் மறைத்தார்கள் என்று இனியும் கேட்பீர்களா?

இப்போது டெங்கு. ‘மக்களின் அலட்சியத்தால் பரவுகிறது’ என்று அதே தலைப்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் டிரம்மில் பிடித்து வைக்காமல் எப்படிச் சமைப்பது? வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து, உள்பக்கம் ஒட்டியிருக்கும் முட்டை போகத் தேய்த்துக் காயவிட்டு, துணியால் மூடிக் கட்டச் சொன்னால் செய்வார்கள். நான் சொல்லிச் செய்தார்கள்.

தயவுசெய்து உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாசகர் கேள்விக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். கேட்டவர் எழுதியபடியே போடுங்கள். பதில் எழுதும் டாக்டரிடம், ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.