இழந்த பல்லுக்கு எது பொருந்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மூன்றே நாளில் நிலையான பல்’ என்ற விளம்பரங்கள் பெருகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் அந்த வெற்றிடத்தை நோக்கி நீளும். பிறகு புதுப்பல் வைக்க இடம் போதாது.

இருபுறப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு இடையில் செயற்கைப் பல்லைப் பொருத்தும் பிரிட்ஜ் ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் இருபுறப் பற்களையும் சுற்றிலும் 1 முதல் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. சொத்தையில்லாத நல்ல பற்களை இதற்காகத் தேய்ப்பது பெரும் இழப்பு. அவை ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து, கேப் (பல்லை மூடும் உறை) போட வேண்டிய பற்கள் என்றால் பிரிட்ஜே சரி.

தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. ஆனால் டைட்டானியம் திருகு எலும்போடு பிணையப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதற்குள் கடிக்கும் விசை விழுந்தால் திருகு நுண்ணிய அளவில் அசையும். சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து தளர்ந்துவிடும். எலும்பு அடர்த்தியாகவும் திருகு இறுக்கமாகவும் அமைந்தவர்களுக்கே விளம்பரங்கள் சொல்லும் உடனடிப் பல் பொருந்தும். கட்டுப்படாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் தோல்வி வாய்ப்பைக் கூட்டும். எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

கழற்றி மாட்டும் பல் செட்டை இரவில் சாதாரண நீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் அதன் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

முன்பல்லின் நுனி மட்டும் உடைந்திருந்தால், பல் நிறக் காம்போசிட் (பிசின் நிரப்புப் பொருள்) கொண்டு ஒரே அமர்வில் சரிசெய்யலாம். கேப் அவசியமா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவர், மதுரை