மூன்றாம் பாகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்ப்பா, வேலை இருக்குப்பா" என்று சொல்லி முடிக்க ஒன்றரை நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் நான் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டி அப்படியேதான். உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ரொம்பப் பெருமை. அம்மா அன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லிவிட்டாள். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டுப் பேருக்குச் சொல்லியிருப்பாள்.

ரிட்டையர் ஆனதிலிருந்து உன் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. "டிராகன் கதை படிக்கிற வயசா இது?" என்று உன்னைக் கேட்டவன் நான்தான். இப்போது அதே டிராகனுக்காக விடியற்காலை நாலு மணிக்கு விளக்கைப் போடுகிறேன். பெயர்கள்தான் மனதில் நிற்பதில்லை. முன்பக்க வரைபடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. நீ ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதுதான் எனக்குத் துணை. முதல் பாகம் 212ஆம் பக்கத்தில், 'இவன் சாக மாட்டான், பந்தயம்!' என்று எழுதியிருக்கிறாய். 340இல் செத்துப்போனான். அங்கே நீ ஒன்றும் எழுதவில்லை. பென்சில் முனை அழுந்தி உடைந்த ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. எனக்கும் தாங்கவில்லை. அம்மாவை எழுப்பி, "போய்ட்டான்" என்றேன். "யாரு, எந்த வீட்டுல?" என்று பதறி எழுந்துவிட்டாள்.

இந்த மாதிரிக் கதைகளில் இதுதான் கஷ்டம். ஊர் உலகத்தில் நடக்கிற கதை என்றால் யாரிடமும் பேசலாம். இதைப் பேச, அந்த உலகத்துக்குப் போய்வந்த இன்னொரு ஆள் வேண்டும். சனிக்கிழமை போவாயே, அந்த வாசிப்புக் கூட்டம் இன்னும் நடக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். நீ போவதில்லை என்று தம்பி தானாகச் சொல்லவில்லை, நான்தான் துருவினேன். அவனைத் திட்டாதே. ஒரே ஒரு சனிக்கிழமை போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வா. பேச வேண்டும் என்றுகூட இல்லை.

உன் பெட்டியில் இந்தக் கதைகளின் வரலாறு என்று ஒரு தடிப் புத்தகமும் இருந்தது. 1926இல் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அறிவியல் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியிருக்கிறார். வாசகர் கடிதம் போடும்போது எழுதியவரின் முகவரியையும் சேர்த்தே அச்சடித்தாராம். என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான். முகவரியைப் பார்த்த வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். சங்கம் வைத்தார்கள், சொந்தமாக இதழ் போட்டார்கள். 1939இல் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு என்று கூட்டியபோது வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். நாலு பேர் கூடினால் சண்டை வராமல் இருக்குமா? ஆறு பேரை உள்ளேயே விடவில்லை. அந்த மாநாட்டுக்கு, பின்னாளில் பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரி, அப்போது 18 வயதுப் பையன், இன்னொரு வாசகரிடம் கடன் வாங்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பஸ்ஸிலேயே போயிருக்கிறார். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. உன் கூட்டம் நாலு ஸ்டாப் தள்ளித்தானே இருக்கிறது? போய்விட்டு வாயேன்.

உண்மையைச் சொன்னால், அந்த முகவரி விஷயத்தைத் தாண்டி என்னால் சரியாகப் படிக்கவே முடியவில்லை. இரண்டு முறை புத்தகத்தை மூடி வைத்தேன்.

பச்சை மையில் உனக்குக் கடிதம் எழுதுவாளே, அந்தப் பெண். நீயும் அவளும் பழகினதும் பத்திரிகையில் வந்த முகவரியை வைத்துத்தானே.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்தாய். அவள் நிறுத்தவில்லை, பாப்பா. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்த கடிதத்தை நான் எடுத்து வைத்தேன். பரீட்சை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்றுதான். அப்புறம் ஒன்று வந்தது. அதற்கப்புறம் இன்னொன்று. பரீட்சையும் முடிந்தது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று நீ கேட்டால் என்ன சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். "அவ என்னை மறந்துட்டாப்பா" என்று நீ வாசல் கேட்டில் சாய்ந்துகொண்டு சொன்னாய். "கடிதப் பழக்கமெல்லாம் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன்.

அதன் பிறகு, யார் பழகினாலும் அவர்கள் விலகுவதற்கு முன்னால் நீ விலகிவிடுகிறாய். "பாப்பா சுபாவமே அப்படி" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் பீரோ பக்கம் பார்க்க மாட்டேன்.

மூன்றையும் போன வாரம்தான் பிரித்தேன். பிரித்ததும் தப்புதான். இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவதன் மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது நாலே வரி. நீ தபாலில் அனுப்பிய மூன்றாம் பாகத்தைப் படித்து முடித்துவிட்டாளாம். வீடு மாறிவிட்டீர்களா, எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது என்று கேட்டிருக்கிறாள். "புத்தகத்தையும் அமுக்கிக்கிட்டா பாரு" என்று அம்மா அப்போது சொன்னாளே, நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

உறையின் பின்பக்கம் அவள் முகவரி இருக்கிறது. இத்தனை வருடத்தில் மாறியிருக்கலாம். இருந்தாலும் ஒரு வரி எழுதிப் பார். என்னைத் திட்ட வேண்டுமென்றால் போன் பண்ணு, ஒன்றரை நிமிடத்துக்கு மேலேயே ஆகட்டும்.

பெட்டியில் இரண்டாம் பாகத்துக்கு அப்புறம் நேராக நாலாம் பாகம்தான் இருக்கிறது. நான் இரண்டின் கடைசிப் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அப்பா